"ஐயா, அவர்கள் ஏன் ஓடிப்போகவில்லை?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குச் சயாம் மரண ரயில் கதை எதற்கு, மனம் நோகுமே என்கின்றனர் ஆசிரிய நண்பர்கள் சிலர். நோகட்டுமே! நோகாமல் வரலாறு கற்பிக்க முடியும் என்று இவர்களுக்குச் சொன்னவர் யார்?

ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்' (1993) நாவலை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பகுதி பகுதியாக வாசித்துக் காட்ட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. வாசித்தால் ஒரு கேள்வி தவறாமல் எழும்: "ஐயா, அவர்கள் ஏன் ஓடிப்போகவில்லை?" சப்பானியர் கொடியவர் என்று ஒரே வரியில் மழுப்பிவிட்டு அடுத்த பாடத்திற்குத் தாவுவோர்மீதுதான் எனக்குச் சினம்.

1942-43இல் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர்ப் பாதைக்கு நம்மவரை நாள் கூலி ஒரு வெள்ளி என்று ஆசைகாட்டி அழைத்தனர். மசியாதவரைச் சுற்றிவளைத்துப் பிடித்தனர். கூலி பேசியதால் அது அடிமைத்தனம் ஆகாது என்று வாதிடுவோரும் உளர். விட்டு விலக முடியாத வேலைக்கு வேறென்ன பெயராம்? ஓடியவர்களும் இருந்தனர். காடு, காய்ச்சல், வாந்திபேதி, மொழி தெரியாத ஊர் இத்தனையும் தாண்டி எத்தனை பேர் பிழைத்திருக்க முடியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1896இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதை மலாக்காவின் பெருமையாக வகுப்பில் சொல்கிறோம். அதே காலத்தில் சஞ்சிக்கூலியாக வந்தவன் ஒப்பந்தம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சட்டப்படி அவனுக்குச் சிறை. அம்முறை 1910இல்தான் ஒழிந்தது. இதை ஏன் மறைக்கிறோம்? ஓடிப்போனவன் என்பதையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் சமூகத்தில், ஓட்டமும் ஒரு வீரம் என்பதைப் பிள்ளைகள் எங்கே கற்பார்கள்?

காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 நேசநாட்டுப் படைவீரர்கள் முறையாகப் பராமரிக்கப்படும் கல்லறைகளில் துயில்கின்றனர். அக்கைதிகளுக்காக 1957இல் உலகப் புகழ்பெற்ற திரைப்படமும் வந்துவிட்டது. அவர்களைவிடப் பன்மடங்கு மாண்ட ஆசியத் தொழிலாளருக்கு அத்தகைய கல்லறைகள் இல்லை. நம்மவர் கதையைச் சொல்ல நாவல்கள் சில இருக்கின்றன. அவற்றையும் நூலக அலமாரியில் பூட்டிவைப்பதா?

'தேர்வில் வராது' என்பது பழைய சாக்கு. யுபிஎஸ்ஆர் தேர்வே 2021இல் ஒழிந்துவிட்டது, ஆசிரியப் பெருமக்களே! இனி எந்தச் சாக்கைச் சொல்லப் போகிறீர்கள்?