உருவத்தைப் பார்த்துக் கல்லுக்குக் கதை கட்டாதீர்கள்

2022 மே 7 அன்று செவ்வாயின் ஷார்ப் மலைச்சரிவில் கியூரியாசிட்டி ஊர்தி எடுத்த ஒரு படம் சில நாள்களில் உலகையே சுற்றிவந்தது. பாறையில் வெட்டி வைத்தாற்போல் ஒரு வாசல். நேரான நிலைகள், உள்ளே இருட்டு. வேற்றுக்கிரகவாசிகள் கட்டியது என்று பேச்சு கிளம்பியது. அந்த வாசலின் உயரமோ ஏறத்தாழ ஓரடி. விரிசல்கள் சந்தித்த இடத்தில் பாறை உடைந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆளோ மரமோ அருகில் இல்லாத படத்தில் ஓரடியும் ஒன்பதடியும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

உருவம் இரண்டு விதத்திலும் ஏமாற்றும். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் சிற்பங்களை அருகில் போய்ப் பாருங்கள். சுதை உதிர்ந்த இடங்களில் மழையும் உப்பும் கல்லைப் பொரித்து, சிம்மங்கள் சிலவற்றின் முகத்தையே தின்றுவிட்டன. அந்தப் பகுதியை மட்டும் நறுக்கிப் படமாகக் காட்டினால் இயற்கைப் பாறை என்றே சொல்லிவிடுவோம். உளி பட்ட கல்லே இப்படி உருவிழக்கும்போது, கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் காற்று அரித்த கல் கதவாகவும் முகமாகவும் தெரிவதில் என்ன வியப்பு? கல்லின் அளவு, அது கிடக்கும் அடுக்கு, அதில் உள்ள தாதுக்கள் ஆகியவைதான் சான்று. மினுமினுப்பை மட்டும் நம்பிக் காஞ்சிபுரத்தில் யாரும் பட்டுச்சேலை ஜரிகைக்குத் தரம் சொல்வதில்லை. எக்ஸ்-ரே கருவியில் வைத்து வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று அளக்கிறார்கள். செவ்வாயில் உள்ள பெர்சிவரன்ஸ் ஊர்தியின் கையில் இருக்கும் ஒரு கருவியும் அதே எக்ஸ்-ரே முறையில்தான் பாறையை ஆராய்கிறது. 2024 ஜூலையில் அது ஆராய்ந்த 'செயாவா ஃபால்ஸ்' பாறைக்குக் கதவும் இல்லை, முகமும் இல்லை. சிறுத்தையின் உடலில் உள்ளவை போன்ற சிறு புள்ளிகள். அவற்றின் விளிம்பில் இரும்பும் பாஸ்பேட்டும். செவ்வாயில் இதுவரை கிடைத்தவற்றில் பெரிதும் கவனிக்க வேண்டிய கல் இதுதான். ஆனாலும், 2025 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் எழுதிய ஆய்வாளர்கள், உயிரின் தடயமாக இருக்கக்கூடும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். உயிர் இல்லாமலும் அத்தகைய தாதுக்கள் உருவாகலாம் என்பதே காரணம்.

நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டுபிடித்தது உருவத்தைப் பார்த்துத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், அவர் கண்ணில் பட்டது வெறும் சாயல் அன்று. மனிதர் சில்லு பெயர்த்த வடுக்கள். அந்த ஒரு கல்லோடு அவர் நிற்கவும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அதிரம்பாக்கம் சென்று மேலும் பல கருவிகளைக் கண்டார். பின்னாளில் அங்கே அடுக்கடுக்காகத் தோண்டிய சாந்தி பப்புவின் குழு, அக்கருவிகளின் சராசரி வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் நிறுவியது. செவ்வாய் வாசலுக்கு இப்படி இன்னொரு வாசல் கிடைக்கவில்லை, உளித்தடமும் இல்லை.

விஞ்ஞானிகள் உண்மையை மறைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டில் பொருளில்லை. ஊர்திகள் அனுப்பும் மூலப்படங்களை நாசா தன் தளத்தில் எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் படமும் அங்கிருந்துதான் பரவியது. அதிசயம் என்று தலைப்பிடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை செவ்வாய்ப் படம் அச்சிடும்போது, அந்தக் கல் எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்பதைப் படத்தின் கீழே போடுங்கள்.