ஆறாம் வகுப்பில் காலை உணவு நிற்கிறது, பதினொன்றில் சத்துணவும் நிற்கிறது. நம் பெண் பிள்ளைகள் எப்படி வளர்வார்கள்?



அரசுப் பள்ளியில் படிக்கும் ஒரு பெண் பிள்ளையின் சாப்பாட்டுக் கணக்கை வகுப்புவாரியாகப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவு உண்டு. மதியம் முட்டையோடு சத்துணவு உண்டு. ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலை உணவு நின்றுவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் சத்துணவும் கிடையாது. உடம்பு கிடுகிடுவென வளரும், வயதுக்கு வரும் 11, 12 வயதில் முதல் தட்டு போகிறது. 16 வயதில் இரண்டாவது தட்டும் போகிறது.

தேவை எவ்வளவு தெரியுமா? ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 32 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். வளர்ந்த ஆணுக்கு 19 மில்லிகிராம் போதும். நம்ம வீடுகளில் முட்டையும் கறித்துண்டும் முதலில் யார் தட்டுக்குப் போகுது? கட்சிக்காரர் வீட்டையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

விளைவு கண்முன்னே இருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 52.9 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்திய அளவில் 59.1. நாம கொஞ்சம் பரவாயில்லை என்று தட்டிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை, பாதிக்கு மேல் என்றால் பாதிக்கு மேல்தான். அதே ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். சின்ன வயதில் விட்டதில் கொஞ்சமாவது பிடிக்க உடம்பு தரும் இன்னொரு வாய்ப்பு இந்த வளரிளம் பருவம். அதையும் விட்டால், அவள் தாயாகும்போது குழந்தையும் எடை குறைந்து பிறக்கும் ஆபத்து கூடுகிறது.

பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குத் தெற்கே பெரும்பாக்கம், செம்மஞ்சேரி பக்கம் போய்ப் பாருங்கள். நகரத்துக்குள்ளிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள். அம்மா விடிகாலையில் வீட்டு வேலைக்கோ துப்புரவு வேலைக்கோ கிளம்பிவிடுகிறார். தம்பி தங்கைகளைக் கிளப்பி அனுப்புவது பெரிய பெண்ணின் வேலை. "காலைல என்னம்மா சாப்ட்ட?" என்று கேட்டால், "டீ, பன்னு" என்பாள். சில நாள் டீ மட்டும்தான். பள்ளியில் வாரம் ஒருமுறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். டீ குடித்த கையோடு போட்டால் சத்து சரியாக உடம்பில் சேராது. ஒருமுறை வாந்தி எடுத்த பிள்ளை அடுத்த வாரம் மாத்திரையைப் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். "பசங்க மாத்திரை போடறதில்ல" என்று பழியை அவள் மேல் போடுவது சுலபம். சாப்பாடு எங்கே என்று கேட்பதுதான் நம் வேலை.

ஒன்றிய அரசின் லட்சணத்தையும் பார்ப்போம். வளரிளம் பெண்களுக்கான ஊட்டச்சத்துத் திட்டத்தை 2022-ல் மாற்றி அமைத்தார்கள். 14 முதல் 18 வயது வரை என்றார்கள். ஆனால் வடகிழக்கு மாநிலங்களுக்கும் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பட்டியலிட்ட இடங்களுக்கும் மட்டுமாம். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் ராமநாதபுரமும் விருதுநகரும்தான். பெரும்பாக்கத்துப் பெண் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருப்பதால் அவளுக்குப் பசிக்காது போலிருக்கிறது!

மாநில அரசிடமும் கேட்போம், உரிமையோடு கேட்போம். 1920-ல் நீதிக்கட்சி ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்ட ஊர் இது. காமராஜர் அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். கலைஞர் முட்டை சேர்த்தார். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு இன்னும் ஏழு வகுப்பு பெரிய தூரமா? பிரேசில் 2009-லேயே சட்டம் போட்டு மேல்நிலை மாணவர்கள் வரை பள்ளி உணவைக் கொண்டுபோய்விட்டது.

இன்னொன்று. கர்ப்பமான பிறகு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகம் தருகிறோம், சரி. அதே இரும்புச்சத்தும் பேரீச்சையும் 14 வயதில் கிடைத்திருந்தால் அந்தப் பெண் பிரசவ அறைக்கு ரத்தம் குறைந்த நிலையில் போயிருக்க மாட்டாள்.

நம் கோரிக்கை: காலை உணவும் சத்துணவும் பன்னிரண்டாம் வகுப்பு வரை. மாத்திரை, சாப்பிட்ட பிறகு. மறுகுடியமர்வுப் பகுதிகளில் உடனே தொடங்க வேண்டும். வேலை கூடும்போது சத்துணவு ஊழியர் எண்ணிக்கையும் கூட வேண்டும், அவர்கள் நெடுநாளாகக் கேட்கும் காலமுறை ஊதியமும் வேண்டும். இருக்கிற ஆளையே பிழிந்து இந்தத் திட்டம் நடக்கக்கூடாது.

பெரும்பாக்கம் ஊராட்சித் தோழர்கள் அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பள்ளிக்கரணை மாநகராட்சிப் பகுதி என்பதால் அங்கே பகுதி சபையில் மனுவாகக் கொடுங்கள். உங்கள் தெருவில் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பெண் பிள்ளைகளின் அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவங்களே பேசட்டும்.

#பன்னிரண்டாம்_வகுப்பு_வரை_உணவு