இலவசப் பதிப்பில் எதைக் குறைப்பது?

2020 நவம்பரில் மாட் டைட்டல் என்ற நிரலாளர் ‘வைட்டல்’ என்ற மென்பொருள் சின்தசைசரை (மின்னணு முறையில் ஒலிகளை உருவாக்கும் கருவி) வெளியிட்டார். அதன் ஒலித்தரம் நிறையப் பேசப்பட்டது. ஆனால், அதைவிடக் கவனிக்க வேண்டியது அதன் விலைப்பட்டியல். 80 டாலருக்கு ஒரு பதிப்பு, 25 டாலருக்கு ஒன்று, இலவசமாக ஒன்று. மூன்றிலும் ஒலியை உண்டாக்கும் எந்திரம் ஒன்றேதான். இலவசப் பதிப்பு சத்தத்தை இடையில் நிறுத்தாது. செய்த வேலையைச் சேமிக்கவிடாமல் தடுக்காது. முப்பது நாளில் காலாவதியாகாது. அதில் குறைவாக இருப்பவை ப்ரீசெட் எனப்படும் தயார்நிலை ஒலிகளும், ஒலிக்கு மூலப்பொருளான வேவ்டேபிள்களும்தான். இலவசமாகப் பெறுபவருக்கு 75 ப்ரீசெட்டுகள், 25 வேவ்டேபிள்கள். 80 டாலர் கொடுப்பவருக்கு அவற்றைப் போலப் பல மடங்கு. இதே வகையில் 2014 முதல் சந்தையை ஆண்டுவந்த எக்ஸ்ஃபர் நிறுவனத்தின் ‘சீரம்’ அப்போது 189 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. சின்தசைசர் மென்பொருள் செய்பவர்கள் குறைக்கப்பட்ட இலவசப் பதிப்பு ஒன்றைத் தர வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், தர வேண்டும் என்பதே. ஆனால், எதைக் குறைக்கிறார்கள் என்பதில்தான் அந்தப் பதிப்பு பயன்படுவதும் வீணாவதும் இருக்கிறது.

இந்தக் கேள்வி எழுந்த பின்னணி இது: ஸ்டெயின்பெர்க் நிறுவனம் 1996இல் விஎஸ்டி என்ற பிளக்இன் (ஒரு மென்பொருளுக்குள் பொருத்தும் துணை மென்பொருள்) முறையைக் கொண்டுவந்தது. 1999இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, எதிரொலி போன்ற விளைவுகளை மட்டுமல்லாமல் இசைக்கருவிகளையே பாடல் பதிவு மென்பொருளுக்குள் ஏற்ற வழி செய்தது. அதுவரை ஆயிரக்கணக்கான டாலர் பெறுமான பெட்டியாக இருந்த சின்தசைசர், கணினிக்குள் ஒரு கோப்பாகிவிட்டது. கோப்பை நகலெடுக்க எந்தச் செலவும் இல்லை. முதல் பிரதியை உருவாக்கத்தான் ஆண்டுக்கணக்கான உழைப்பு தேவைப்படுகிறது. இப்படிப்பட்ட பொருளுக்கு விலை வைப்பது எப்போதுமே சிக்கல். விலை இல்லையென்றால் செய்தவர் வாழ முடியாது. விலை இருந்தாலோ, வாங்குபவர் தனக்குப் பொருந்துமா என்று அறியாமலே பணம் கட்ட வேண்டியிருக்கிறது. உரிமத்தை ஒருமுறை இயக்கிவிட்டால் பணத்தைத் திருப்பித் தரும் நிறுவனங்கள் குறைவு. வீணை வாங்கப் போகிறவர் கடையில் உட்கார்ந்து மீட்டிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம். மென்பொருள் கருவியை மீட்டிப் பார்க்கும் இடத்தைச் செய்தவர்தான் அமைத்துத் தர வேண்டும்.

பல நிறுவனங்கள் ‘டெமோ’ என்ற பெயரில் அந்த இடத்தைத் தருவதாகச் சொல்கின்றன. இருபது முப்பது நிமிடங்களில் ஒலி நின்றுவிடும் டெமோ, சிறிது நேரத்துக்கு ஒருமுறை கரகரவென்று இரைச்சலைக் கலக்கும் டெமோ, உருவாக்கிய ஒலியைச் சேமிக்கவிடாத டெமோ என்று வகைகள் உண்டு. பதிவு மென்பொருள்களிலும் இது போன்ற ஏற்பாடு இருக்கிறது. எஃப்எல் ஸ்டூடியோவின் சோதனைப் பதிப்பில் பாடலை முழுதாக உருவாக்கலாம், ஒலிக்கோப்பாக வெளியே எடுக்கலாம். சேமித்த பாடலை மறுநாள் திறந்து தொடர வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். விற்பனைக் கோணத்தில் இவை எல்லாம் புரிந்துகொள்ளக்கூடிய தடைகள். ஆனால், சின்தசைசரைப் பொறுத்தவரை அவை சோதிக்க வேண்டியதைச் சோதிக்க விடுவதில்லை. நூற்றுக்கணக்கான திருகுகளும் அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கும் வழிகளும் கொண்ட கருவி, இருபது நிமிடத்தில் தன் மேல்தோலை மட்டுமே காட்டும். ஒரு ஒலியை இன்று செய்து, நாளை புதிய காதோடு கேட்டுத் திருத்தி, மறுவாரம் ஒரு பாடலுக்குள் வைத்துப் பார்த்தால்தான் அது நமக்கான கருவியா என்று தெரியும். இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. யு-ஹீ நிறுவனம் 2011இல் வெளியிட்ட ‘டிவா’ பழைய அனலாக் சுற்றுகளை மிக நுணுக்கமாகக் கணக்கிட்டு ஒலிப்பது. அந்த நுணுக்கத்துக்குக் கணினியின் செயலி கொடுக்கும் விலை பெரிது. தனியாக வாசிக்கும்போது சிக்கல் தெரியாது. பத்துப் பன்னிரண்டு தடங்கள் ஓடும் முழுப் பாடலில், தன்னிடம் இருக்கும் கணினியில், அது தாங்குமா என்பதைத்தான் வாங்குபவர் அறிய வேண்டும். நேரக் கெடு வைத்த டெமோவில் அதை அறிவது கடினம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பூட்டு உடைக்கப்பட்ட திருட்டுப் பிரதிகள் இந்தத் துறையில் எங்கும் கிடைக்கின்றன என்பதை யாரும் மறைக்கவில்லை. திருட்டுப் பிரதியில் கரகரப்பு இல்லை, நேரக் கெடு இல்லை, எல்லா ஒலிகளும் இருக்கின்றன. நேர்மையாக நிறுவனத்தின் தளத்துக்குப் போய் டெமோவை இறக்கியவருக்குத்தான் மட்டமான கருவி கிடைக்கிறது. முழுமையான இலவசப் பதிப்பு ஒன்றை யாரோ ஏற்கெனவே தந்துகொண்டிருக்கிறார்கள், அதில் தீநிரல் ஒளிந்திருக்கும் ஆபத்தையும் சேர்த்து. நிறுவனம் தரும் இலவசம் அதோடுதான் போட்டியிட வேண்டியிருக்கிறது. சீரத்தின் அந்த 189 டாலர் விலை இந்திய மதிப்பில் 16,000 ரூபாயைத் தாண்டும். மதுரையிலோ மணிலாவிலோ வீட்டறையில் பாடல் அமைத்துப் பழகும் ஒரு மாணவருக்கு அந்தத் தொகை கைக்கு எட்டாதது. அவர் இலவசப் பதிப்பைப் பயன்படுத்துவதால் நிறுவனம் இழப்பது ஒன்றுமில்லை. அவரை நேர்வழியில் உள்ளே அழைத்தால், சம்பாதிக்கத் தொடங்கும் நாளில் பணம் கட்ட வாய்ப்பாவது இருக்கிறது. தவணையில் வாங்கும் திட்டம் ஒன்றைச் சீரத்துக்கு ஸ்ப்ளைஸ் நிறுவனம் நடத்தியது. மாதம் பத்து டாலருக்குச் சற்றுக் குறைவு, முழுத்தொகையும் கட்டி முடித்ததும் மென்பொருள் சொந்தம். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் எல்லாரும் கட்ட மனமில்லாதவர்கள் அல்ல என்பதை அந்தத் திட்டமே ஒப்புக்கொள்கிறது.

அப்படியானால் எதைக் குறைப்பது? இதற்கான விடை மென்பொருள் சின்தசைசர்கள் பிறப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 1983இல் யமஹா வெளியிட்ட டிஎக்ஸ்7, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்எம் முறையில் (ஓர் அலையால் இன்னோர் அலையின் அதிர்வெண்ணை மாற்றி ஒலி உண்டாக்குவது) இயங்கியது. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்ற அந்தக் கருவியில் புதிய ஒலி ஒன்றைச் செய்வது பெரும்பாடு. சிறிய திரை, எண்களை மாற்ற ஒரே ஒரு நகர்த்தி, எந்த எண்ணை மாற்றினால் ஒலி எப்படி மாறும் என்று ஊகிக்க முடியாத கணக்கு. வாங்கியவர்களில் மிகப் பலர் ஆலையிலிருந்து வந்த ஒலிகளையே வாசித்தார்கள். அதன் மின்பியானோ ஒலி எண்பதுகளின் மெல்லிசைப் பாடல்களில் எங்கும் கேட்கும். ஒலிகள் அடங்கிய கார்ட்ரிட்ஜ்களுக்குத் தனிச் சந்தையே உருவானது. அவசரத்தில் வேலை செய்யும் இசையமைப்பாளர் பணம் கொடுப்பது தயார் ஒலிகளுக்கு. கருவியைக் கற்க விரும்புபவர் நேரம் கொடுப்பது எந்திரத்துக்கு. முன்னவரிடம் பணம் இருக்கிறது, நேரம் இல்லை. பின்னவரிடம் நேரம் இருக்கிறது, பணம் இல்லை. எந்திரத்தை இலவசமாகக் கொடுத்து ஒலித்தொகுப்புக்கு விலை வைத்தால் இருவருக்கும் வேண்டியது கிடைக்கிறது. வைட்டலின் கணக்கு இதுதான். நேட்டிவ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ‘கான்டாக்ட் பிளேயர்’ இதையே வேறு வழியில் செய்கிறது. பிளேயர் இலவசம், அதில் முழுமையாக இயங்கும் ஒலிநூலகங்களை வெளியிட விரும்பும் பிற நிறுவனங்கள் உரிமக் கட்டணம் கட்டுகின்றன. அந்த உரிமம் பெறாத நூலகத்தை ஏற்றினால் பதினைந்து நிமிடத்தில் நின்றுவிடும். இப்படிக் கட்டணம் கருவியைத் தொட்டுப் பார்ப்பவர் மீது விழாமல், அதை வைத்து வியாபாரம் செய்பவர் மீது விழுகிறது.

யு-ஹீயின் ‘ஜீப்ரலெட்’ இன்னொரு நல்ல முன்மாதிரி. ஹான்ஸ் சிம்மர் ‘தி டார்க் நைட்’ படத்துக்குப் பயன்படுத்திய ‘ஜீப்ரா’ என்ற பெரிய சின்தசைசரிலிருந்து ஒலியலையை உண்டாக்கும் ஒரே ஒரு ஆசிலேட்டரை மட்டும் எடுத்துத் தனிக் கருவியாக்கி இலவசமாகத் தந்தார்கள். எந்திரத்திலேயே கைவைத்த குறைப்பு இது, உண்மைதான். ஆனாலும், மிஞ்சியிருப்பது முழுமையான சிறு கருவி. அதில் கற்றது பெரிய கருவியிலும் பயன்படும். முடமாக்கப்பட்ட பெரிய கருவியைவிட முழுமையான சிறிய கருவி பல மடங்கு மேல்.

இலவசப் பதிப்பு விற்பனையைத் தின்றுவிடும் என்பது முதல் மறுப்பு. சிலரைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கும். 75 ஒலிகளோடு நின்றுவிடுபவர்கள் கட்டாயம் உண்டு. ஆனால், வைட்டல் போன்ற வலிமையான இலவசக் கருவி வந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் சீரம் அழிந்துவிடவில்லை. 2025 மார்ச்சில் ‘சீரம் 2’ வெளியானது. பழைய பதிப்பை வாங்கியிருந்தவர்களுக்கு அது கட்டணமின்றியே தரப்பட்டது. சீரத்துக்கென எழுதப்பட்ட ஒலித்தொகுப்புகள், பயிற்சிப் பாடங்கள், சக இசைஞர்களின் பாடல் கோப்புகள் எல்லாம் சேர்ந்து அதைப் பொதுமொழி ஆக்கியிருக்கின்றன. சின்தசைசர் சந்தையில் வெற்றி என்பது இந்தப் பொதுமொழியாகும் தகுதிதான். இலவசப் பதிப்பு அந்தத் தகுதியைப் பெறும் மலிவான வழி. இருவர் சேர்ந்து ஒரு பாடலை அமைக்கும்போது ஒருவரிடம் இருக்கும் பிளக்இன் மற்றவரிடம் இல்லையென்றால் அந்தத் தடம் ஊமையாகிவிடும். இலவசப் பதிப்பு இருந்தால் மற்றவர் அன்றே திறந்து கேட்பார். கேட்டவர் நாளை வாங்கவும் கூடும்.

ஒருவரோ இருவரோ நடத்தும் சிறு நிறுவனங்களின் மறுப்பு இதைவிடக் கனமானது. இலவசப் பயனாளர்களும் கேள்வி கேட்டு மின்னஞ்சல் அனுப்புவார்கள். 2020இல் ஆப்பிள் இன்டெல் செயலியை விட்டுத் தன் சொந்தச் செயலிக்கு மாறத் தொடங்கியபோது, ஒவ்வொரு பிளக்இன்னையும் புதிதாகத் தொகுத்துச் சோதிக்க வேண்டி வந்தது. அந்த வேலை இலவசப் பதிப்புக்கும் சேர்த்துத்தான். இந்தச் சுமையை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால், எந்திரம் ஒன்றாகவே இருந்தால் இலவசப் பதிப்புக்கென்று தனி நிரல் இல்லை. தனியாக ஒரு ‘லைட்’ நிரல் எழுதிப் பராமரிப்பவர்களுக்குத்தான் வேலை இரட்டிப்பாகிறது. உதவி கோரும் உரிமை பணம் கட்டியவருக்கு மட்டும் என்று வெளிப்படையாக அறிவிப்பதில் தவறில்லை. செலவு எங்கே உண்மையாக ஏற்படுகிறதோ அங்கே வரம்பு வைக்கலாம். எழுதிய சொற்களைப் பேச்சொலியாக்கி அதை வேவ்டேபிளாக மாற்றும் வசதி வைட்டலில் இருக்கிறது. இலவசப் பயனாளர் அதை நாளொன்றுக்குச் சில முறைதான் பயன்படுத்தலாம். நியாயமான வரம்பு என்று நான் சொல்வது இதைத்தான்.

‘ஆம்னிஸ்பியர்’ செய்யும் ஸ்பெக்ட்ராசோனிக்ஸ் டெமோகூடத் தருவதில்லை. 499 டாலர் விலையிலும் அது துறையில் உச்சத்தில்தான் இருக்கிறது. இந்த எடுத்துக்காட்டைக் காட்டி, இலவசம் தேவையே இல்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆனால், ஆம்னிஸ்பியரில் இருப்பது பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிகள். அந்தத் தொகுப்பே அங்கே பொருள். இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்த்த நற்பெயரும் அதன் பின்னால் நிற்கிறது. புதிதாக வரும் ஒருவரிடம் இந்த இரண்டுமே இருக்காது. அவரிடம் இருப்பது நல்ல எந்திரம் மட்டும்; அதை யாரும் தொடாமல் வைத்திருந்தால் அது இருப்பதே தெரியாது.

இலவசத்துக்குள் ஒரு பொறுப்பும் இருக்கிறது. அதை நிறுவனங்கள் எளிதாக மறந்துவிடுகின்றன. இலவசக் கருவியில் செய்த பாடலும் பாடல்தான். ஐந்து ஆண்டு கழித்து அதைத் திறக்க முடிய வேண்டும். கேமல் ஆடியோ நிறுவனத்தின் ‘அல்கெமி’ சின்தசைசருக்கு இலவச பிளேயர் ஒன்று இருந்தது. 2015இல் ஆப்பிள் அந்த நிறுவனத்தை வாங்கி அல்கெமியைத் தன் லாஜிக் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொண்டது. விண்டோஸ் கணினியில் அதைப் பழகியவர்களுக்கு மேற்கொண்டு வழி இல்லாமல் போனது. மாறாக, 2005இல் வெளியான ‘சர்ஜ்’ சின்தசைசரை எழுதிய கிளாஸ் யோஹான்சன் 2018இல் அதன் மூலநிரலைப் பொதுவில் வைத்தார். தன்னார்வலர்கள் அதை ‘சர்ஜ் எக்ஸ்டி’ ஆக வளர்த்து இன்றும் பராமரிக்கிறார்கள். எல்லாரும் மூலநிரலைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. ஆனால், இலவசப் பதிப்பை வெளியிடும் நிறுவனம் இரண்டு வாக்குறுதிகளையாவது எழுத்தில் தரலாம். பணம் கட்டியவர் சேமித்த பாடல், இலவசப் பதிப்பிலும் அதே ஒலியோடு திறக்கும். கருவியைக் கைவிடும் நாளில், இணைய அனுமதி கேட்காமல் இயங்கும் கடைசிப் பதிப்பு ஒன்று வெளியிடப்படும். இரண்டாவது வாக்குறுதி பணம் கட்டியவருக்கும் சேர்த்துத்தான். இன்று அவரிடமும் அப்படி ஒரு வாக்குறுதி பெரும்பாலும் இல்லை.