ஆளில்லா ஊர்தி

ஓட்டுநரின்றித் தானே இயங்கும் பயணியூர்திகளில் மேற்பார்வையாளரும் இனி வேண்டா என்பார் சிலர். மனிதன் அயர்வான், இயந்திரம் அயராது என்பது அவர் கூற்று. அதனை யாம் மறுக்கிலேம்.

ஆயினும், அமெரிக்க நாட்டு லாஸ் வேகஸ் நகரில் நிகழ்ந்ததை நோக்குக. 2017 நவம்பர் 8-ஆம் நாள், அங்கு இத்தகைய ஊர்தியொன்று ஓடத் தொடங்கிய அன்றே, பின்னோக்கி வந்த சரக்கு லாரி அதன்மேல் மோதிற்று. லாரியோட்டியின்மேல் பிழையுண்டு. ஊர்தியோ நின்றது, பின்வாங்கி விலகிற்றில்லை. உள்ளிருந்த மேற்பார்வையாளர் நிறுத்தற்பொத்தானை அழுத்தினார். ஆனால், கையால் இயக்குங் கருவி மூடிய பெட்டகத்துட் கிடந்தது.

ஆளிருந்தும் பயனென்னை என்பர். ஆளிருந்தது குறையன்று, கருவி கைக்கெட்டாமையே குறை என்போம் யாம். 2020 பிப்ரவரியில், அந்நாட்டுக் கொலம்பஸ் நகரில் மற்றோர் ஊர்தி சட்டென நிற்க, பயணியொருவர் இருக்கையினின்றும் வீழ்ந்தார். வீழ்ந்தாரைத் தூக்கவல்ல கணிப்பொறி யாண்டுளது?

ஆதலின், ஆளை நீக்க விழைவோர், இடர் வருங்கால் விலகவும் ஊர்திக்குக் கற்பிப்பாராக. வீழ்ந்தாரைத் தாங்குவார் யார், பிழை நேரின் விடை கூறுவார் யார் என்பவற்றையும் முன்னரே வரையறுப்பாராக. அதுகாறும், கருவியைக் கையிற்கொண்ட ஒருவர் உள்ளிருத்தலே அறமென்பது எம் துணிபு.