துப்பாக்கியோடு ஊர் திரும்பினால்...

கேள்வி: ‘‘ஐயா, நான் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். ராணுவத்தில் 17 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அப்புறம் ராஜஸ்தானில் ஒரு கம்பெனியில் பாதுகாவலராக இருந்தபோது அங்கேயே உரிமம் எடுத்து .32 ரிவால்வர் ஒன்று வாங்கினேன். இப்போது குடும்பத்தோடு சொந்த ஊருக்கே வந்து நான்கு மாதம் ஆகிறது. என் மனைவிக்கு மதுராந்தகம் பக்கத்தில் இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறு. காட்டுப்பன்றித் தொல்லை வேறு. வாரம் இரண்டு முறை போய் வருகிறேன். ரிவால்வரைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போகலாமா? ராஜஸ்தான் உரிமம் இங்கே செல்லுமா?’’

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நொச்சிக்குப்பம், சென்னை.

பதில்: வரப்பையும் பன்றியையும் பிறகு பார்ப்போம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ‘நான்கு மாதம்’ என்ற வார்த்தைதான். உரிமம் வைத்திருப்பவர் வீடு மாறித் துப்பாக்கியையும் உடன் கொண்டு வந்தால், 30 நாள்களுக்குள் புதிய ஊரின் உரிம அதிகாரிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அவர் கேட்டால் உரிமத்தையும் துப்பாக்கியையும் காட்ட வேண்டும். அவர் புதிய முகவரியை உரிமத்தில் பதிந்து தருவார். மாவட்டங்களில் இந்த அதிகாரி கலெக்டர். சென்னை மாநகரத்தில் போலீஸ் கமிஷனர். நொச்சிக்குப்பத்தில் இருக்கும் நீங்கள் போக வேண்டியது வேப்பேரியில் உள்ள கமிஷனர் அலுவலகத்துக்கு. நிலம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறதே என்று அங்கே போய் நிற்க வேண்டாம். குடியிருக்கும் இடம்தான் கணக்கு.

இன்றைக்கே உரிமப் புத்தகத்தைக் கையில் எடுங்கள். எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு மாவட்டம், ஒரு மாநிலம், இந்தியா முழுவதும் என்று ஆளுக்கு ஆள் அது மாறும். உங்கள் கேள்விக்கான பதில் முழுக்க அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

‘இந்தியா முழுவதும்’ என்று இருந்தால் துப்பாக்கி வைத்திருப்பது குற்றமில்லை. தகவல் சொல்லத் தவறியதுதான் குற்றம். உரிம நிபந்தனையை மீறியதற்கு 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 30-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தாமதத்துக்கான காரணத்தை எழுதி நீங்களே போய்க் கொடுங்கள். தானாக வந்து சொல்பவரையும் வாகனச் சோதனையில் மாட்டுபவரையும் எந்த அதிகாரியும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

‘ராஜஸ்தான் மட்டும்’ என்று இருந்தால் விஷயம் வேறு. தமிழ்நாட்டு எல்லைக்குள் அது உரிமம் இல்லாத துப்பாக்கிதான். 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை. ‘ராணுவத்தில் இருந்தேன், முறையாகக் காசு கொடுத்து வாங்கினேன்’ என்பதெல்லாம் அதற்குப் பதில் ஆகாது. ஆனால் அதே சட்டத்தின் 21-வது பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. எந்தக் காரணத்தாலாவது துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனால், காலம் கடத்தாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ, உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். ஒரு வழக்கறிஞரோடு முதலில் காகிதங்களை மட்டும் எடுத்துப் போய் விவரத்தைச் சொல்லுங்கள். துப்பாக்கியை எப்போது, எப்படிக் கொண்டு வர வேண்டும் என்று அவர்கள் சொன்னபடி கொண்டு போங்கள். ஒப்படைத்ததும் நம்பர் போட்ட ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

கமிஷனர் அலுவலகத்துக்கு அசல் உரிமம், ராணுவத்திலிருந்து விடுவித்த புத்தகம், துப்பாக்கி வாங்கிய ரசீது, புதிய முகவரிக்கான சான்று எல்லாம் வேண்டும். நொச்சிக்குப்பத்தில் பல வீடுகள் வாரியத்தின் அடுக்குமாடி வீடுகள். ஒதுக்கீடு அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருக்கும். ஆதாரில் ராஜஸ்தான் முகவரி இருந்தால் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். உரிமத்தில் ‘யூ.ஐ.என்.’ எனும் தனி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாட்டில் உள்ள எல்லா ஆயுத உரிமங்களையும் மத்திய உள்துறை ஒரே கணினிப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது. அதில் ஏறாத உரிமம் வெறும் காகிதம்.

இங்கிருந்து ராஜஸ்தானுக்கு எழுதிக் கேட்டு, ‘ஆமாம், நாங்கள் கொடுத்ததுதான்’ என்று பதில் வந்த பிறகே வேலை நகரும். மாதக்கணக்கில் ஆகலாம். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. ஜம்மு-காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை லட்சக்கணக்கில் உரிமங்கள் கொடுக்கப்பட்டன. அதில் ஏராளமானவை அந்த ஊரிலேயே வசிக்காதவர்கள் பெயரில் புரோக்கர்கள் மூலம் போனவை என்று தெரியவந்து, வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. 2021 செப்டம்பரில் திருவனந்தபுரத்தில், ஏ.டி.எம்.களுக்குப் பணம் கொண்டு போகும் வண்டிகளில் காவலுக்கு இருந்த காஷ்மீர்க்காரர்கள் சிலரைக் கேரளப் போலீஸ் கைது செய்தது. கையில் துப்பாக்கி இருந்தது, உரிமம் போலி. உங்கள் உரிமத்தையும் கம்பெனிக்காரர்களே ஆள் வைத்து வாங்கிக் கொடுத்தார்கள் என்றால், அந்த எண் நிஜமாகவே பதிவேட்டில் இருக்கிறதா என்று சரிபார்க்காமல் எந்த அலுவலகப் படியும் ஏறாதீர்கள்.

இனி ‘மறைத்து எடுத்துப் போகலாமா’ என்ற கேள்வி. மறைப்பது தவறு, வெளியே தெரிய மாட்டினால் தவறில்லை என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் தலைகீழ். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு உடம்போடு கட்டியிருக்க வேண்டும், அல்லது முதுகுப்பை போன்ற ஒன்றில் வைத்திருக்க வேண்டும். முழுவதும் மூடியிருக்க வேண்டும், உங்கள் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். ஆகவே உரிமம் சரியாகிவிட்ட பிறகு, சட்டைக்குள் உறையில் வைத்துப் போவது குற்றமல்ல. வெளியே எடுத்துக் காட்டுவதுதான் குற்றம். கல்யாணத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கென்றே 2019-ல் தனித் தண்டனை வைத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் வேறு கதை சொல்வார்கள். அங்கே மாநிலத்துக்கு மாநிலம் துப்பாக்கிச் சட்டமே வேறு. ஒரு மாநிலத்தில் வாங்கிய அனுமதியை அடுத்த மாநிலம் ஏற்காமலும் போகலாம். நமக்குச் சட்டம் நாடு முழுக்க ஒன்று, உரிமத்தின் எல்லைதான் ஆளுக்கு ஆள் வேறு. குடகு மாவட்டத்தில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் உரிமமே தேவையில்லை என்ற பழைய விலக்கு உண்டு. 2029 அக்டோபர் வரை அதை நீட்டித்திருக்கிறார்கள். அந்த ஊரில் எஸ்டேட் வேலைக்குப் போய்த் திரும்பிய நம் ஆட்களுக்கு அது பொருந்தாது.

உரிமம் சரியாக இருந்தாலும் எல்லா இடத்துக்கும் கொண்டு போக முடியாது. சிறப்பு அனுமதி இல்லாமல் திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம் ஆகியவற்றுக்குள் எடுத்துப் போகக் கூடாது என்பது உரிமத்திலேயே உள்ள நிபந்தனை. பங்குனியில் அறுபத்துமூவர் அன்றைக்கு உங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தாண்டினாலே ஊர்வலம்தான். பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும்போது இடுப்பில் இருந்தாலும் மீறல்தான். லூப் ரோடு மீன் அங்காடிக்கு ரிவால்வர் எதற்கு என்று நீங்களே யோசியுங்கள். தேர்தல் அறிவித்தால் ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும், அப்போதும் ரசீது முக்கியம். சின்ன வீடு, குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் துப்பாக்கி ஒரு பக்கம், தோட்டா வேறு பக்கம் இருக்கட்டும்.

பன்றிக்கு வருவோம். உங்கள் உரிமம் தற்காப்புக்கானது. பயிர்ப் பாதுகாப்புக்கான துப்பாக்கி உரிமம் தனி. அந்த உரிமம் இருந்தாலும் காட்டுப்பன்றியைச் சுட முடியாது. அது வனவிலங்குச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட 2025 ஜனவரியில் தமிழக அரசு வழி செய்தது. ஆனால் சுடுவது வனத்துறை ஆட்கள்தான், நாம் இல்லை. சேதமான பயிரைப் படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் மனு கொடுங்கள். இழப்பீட்டுக்கும் அந்த மனுதான் ஆதாரம்.

கடைசியாக வரப்பு. கடிதத்தில் நீங்கள் சொல்லாவிட்டாலும், ரிவால்வர் நினைப்பு வந்ததே இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினால் போதும், அவர் வழிக்கு வந்துவிடுவார் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அவர் ஒரு புகார் எழுதிக் கொடுத்தால் மிரட்டல் வழக்கு. ஆயுதச் சட்டத்தில் இன்னொன்று. உரிமம் ரத்து. ஓய்வூதியக்காரர் ஜாமீனுக்கு அலைய, வரப்பு அங்கேயே கிடக்கும். நிலம் மனைவி பெயரில் இருப்பதால் அவரையும் வழக்கில் இழுக்கப் பார்ப்பார்கள்.

எல்லையை அளந்து கொடுக்க அரசாங்கத்தில் ஆள் இருக்கிறார். உங்கள் மனைவி பெயரில் பட்டா, பத்திரம் இரண்டையும் வைத்து இ-சேவை மையத்திலோ, ‘தமிழ்நிலம்’ இணையதளத்திலோ எல்லை அளவீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 2023 நவம்பரிலிருந்து இதற்குத் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வேண்டியதில்லை. கட்டணம் கட்டியதும் சர்வேயர் வரும் தேதி தெரியும். பக்கத்து நிலத்துக்காரருக்கும் தகவல் போகும். அன்றைக்குப் புலப்பட நகலை முன்னமே வாங்கி வைத்திருங்கள், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். பழைய எல்லைக்கல் எங்கே இருந்தது என்று உங்கள் மாமனார் காலத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கும், அவர்களைக் கேளுங்கள். அளந்து கல் நட்டதும் அறிக்கையையும் வரைபடத்தையும் இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.