ஏறுவதற்குக் கால், இறங்குவதற்கு மூளை!

"மலைக்குப் போலாமா?" என்று வகுப்பில் யாராவது ஒரு குரல் கொடுத்தால் போதும். ஊட்டியா, வால்பாறையா, யார் பைக், பெட்ரோலுக்குத் தலைக்கு எவ்வளவு என்று பேச்சு பறக்கும். "சைக்கிளில் போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள்... ஒரு பயல் வாய் திறக்க மாட்டான்! சொன்னவனைத்தான் மேலும் கீழும் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கப்பட்டவன் நான். அதனால்தான் மலர்க்குழு கட்டுரை கேட்டதும் இதையே எழுத உட்கார்ந்தேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 325 மீட்டர். கோத்தகிரி ஏறக்குறைய 1,790. விடியும்போது கிளம்பினால் மேலே மதியச் சாப்பாடு, இருட்டுவதற்குள் கீழே. நானும் நண்பனும் போன அன்று ஏறுவதற்கு மட்டும் ஐந்து மணி நேரம் ஆயிற்று. அடிவாரத்து டீக்கடை அக்கா, "ஏன் கண்ணு, பஸ்ஸு கெடைக்கலையா?" என்று பரிதாபப்பட்டுக் கேட்டார். நியாயமான கேள்விதான்!

பைக்கில் ஒரு மணி நேரத்தில் போகிற இடத்துக்கு எதற்கு இந்தப் பாடு? என் பதில் இது: நாம் படிப்பது டிப்ளமோ. வேக விகிதம் என்று தேர்வில் மனப்பாடமாக எழுதியதை முழங்கால் புரிந்துகொள்ளும் இடம் மலை ஒன்றுதான். பெடல் பக்கம் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் இரண்டரைச் சுற்று. சமதரையில் சுகம், மேட்டில் மூச்சு முட்டும். கியர் சைக்கிளில் முன்னால் 28, பின்னால் 28 போட்டால் ஒன்றுக்கு ஒன்று. வேகம் போகும், விசை கிடைக்கும். இரண்டையும் சேர்த்து இனாமாகத் தரும் மெஷின் உலகத்தில் கிடையாது!

ஆனால் ஏற்றத்தில் யாருக்கும் ஆபத்தில்லை. களைத்தால் இறங்கித் தள்ளலாம். ஆபத்தெல்லாம் இறக்கத்தில்தான். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், கோத்தகிரியிலிருந்து கீழே வருவதற்குள் கழிக்க வேண்டிய ஆற்றல் 1,100 கிலோஜூலுக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் அது! காற்றும் சாலையும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் கட்டைவிரல் அகலம்கூட இல்லாத பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான்.

மலை சைக்கிள் பந்தயத்தின் பிறப்பிலேயே இந்தச் சூடு இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டி இளைஞர்கள் 1976 அக்டோபரில் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் இறக்கத்தில் பந்தயம் விட்டார்கள். பின்சக்கர பிரேக்கிலிருந்த கிரீஸ் புகைந்தே போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு புது கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது. இருபதே ஆண்டில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் ஒரு போட்டியாகிவிட்டது. பார்த்தீர்களா, பட்டறையில் கை அழுக்கானவர்கள் செய்த வேலை இது!

ஆகவே, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காதீர்கள். ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டு விட்டு, முன்னும் பின்னும் மாற்றிப் பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் போய் முன்பிரேக்கை அமுக்கினால் மேலே நாம், கீழே பள்ளம். மழையில் ரிம் நனைந்தால் பிரேக் பாதிதான் கேட்கும்.

இன்னொரு விஷயம். தார் ரோடு போரடிக்கிறது, காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் விடலாம் என்கிறார்கள் சில நண்பர்கள். இதில் நான் கண்டிப்பாக எதிர்க்கட்சி! அந்தத் தடம் நமக்காகப் போட்டதல்ல. குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் இறங்கும். சத்தமில்லாமல் வேகமாக வரும் சைக்கிளை யானை எதிர்பார்க்காது. வளைவுக்கு அப்பால் நிற்கும் யானையை நாமும் எதிர்பார்க்க மாட்டோம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறந்துவிட முடியுமா? 2023-ல் கேரளத்தின் பொன்முடியில் ஆசிய மலை சைக்கிள் போட்டி நடந்ததே, அதுவும் போட்டிக்கென்று அமைத்த தடத்தில்தான்.

பேரவைக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒன்று, வரும் ஆண்டுச் சுற்றுலாக்களில் ஒன்று சைக்கிளில் இருக்கட்டும். கோடை சீசன் நெரிசல் வேண்டாம், மழைக்காலமும் வேண்டாம். தை, மாசி நல்ல மாதம். இரண்டு, அதற்கு முந்தின வாரம் நம் ஒர்க்ஷாப்பில் ஒவ்வொரு சைக்கிளின் பிரேக் கட்டை, ஒயர், செயின், டயர் எல்லாம் மூன்றாமாண்டு மாணவர்கள் சோதித்து, தேறாத வண்டியை நிறுத்திவிட வேண்டும். அது யார் வண்டியானாலும் சரி, பேரவைத் தலைவர் வண்டியானாலும் சரி!

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. பழைய கியர் சைக்கிளும் புது பிரேக் கட்டையும் போதும். என்ன, பெயர் கொடுக்கிறீர்களா?