மேல்முறையீடு என்பது கருணை மனு அல்ல

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஒரு பேப்பரில் ஃபெயில் ஆனால் அதற்குப் பெயர் அரியர். அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். அதிலும் போனால் அதற்கடுத்த செமஸ்டர் இருக்கிறது. ஏழெட்டு அரியர்களைக் கடைசி வருடம் வரை சுமந்து வந்து, ஒரே மூச்சில் கிளியர் செய்தவர்களின் கதை எல்லா ஹாஸ்டலிலும் உண்டு.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 4 புள்ளிக்குச் சராசரி போடுவார்கள். அதுதான் ஜி.பி.ஏ. இளநிலை மாணவருக்குப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 2.0 இருக்க வேண்டும், முதுநிலை என்றால் பல இடங்களில் 3.0. அதற்குக் கீழே இறங்கினால் முதலில் 'புரொபேஷன்' என்று எச்சரிக்கை வரும். அப்படியும் தேறாவிட்டால் ஒரு கடிதம் வரும்: "நீங்கள் நீக்கப்பட்டுவிட்டீர்கள்." அந்தக் கடிதத்தின் அடியில் இன்ன தேதிக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று ஒரு வரி இருக்கும்.

இந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மாணவர்களும் சரி, பல்கலைக்கழகங்களும் சரி, அதைக் கருணை மனு போலவே பார்க்கிறார்கள். அது தவறு. மாணவன் பேசவும் மற்றவர்கள் கேட்கவும் அமைந்த ஒரே விசாரணை அதுதான்.

கோர்ட் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் இந்த விஷயத்தில் அது கதவைச் சாத்திப் பல வருடங்கள் ஆகின்றன.

1960-ல் அலபாமா மாநிலக் கல்லூரியின் கறுப்பின மாணவர்கள் சிலர், வெள்ளையர்களுக்கு மட்டும் என்று வைத்திருந்த சிற்றுண்டிக் கடையில் போய் உட்கார்ந்து உணவு கேட்டார்கள். கல்லூரி விசாரிக்காமலேயே அவர்களை வெளியேற்றியது. 1961-ல் டிக்சன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. நடத்தையைக் காரணம் காட்டி ஒரு அரசுக் கல்லூரி மாணவரை நீக்குவதானால், குற்றச்சாட்டைச் சொல்லி அவர் பதிலையும் கேட்க வேண்டும் என்றது.

ஆனால் படிப்பைக் காரணம் காட்டி நீக்கினால்? 1978-ல் உச்ச நீதிமன்றம் ஹொரோவிட்ஸ் வழக்கில் இதற்குப் பதில் சொன்னது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவி அவர். கடைசி வருடத்தில் மருத்துவமனைப் பயிற்சி திருப்தியாக இல்லை என்று பட்டம் கிடைக்காமல் நீக்கப்பட்டார். அதற்கு முன் ஏழு டாக்டர்கள் அவரைச் சோதித்துப் பார்த்தார்கள். பட்டம் கொடுக்கலாம் என்றவர்கள் 2 பேர், உடனே நீக்க வேண்டும் என்றவர்கள் 2 பேர், இப்போது பட்டம் வேண்டாம், புரொபேஷனில் தொடரட்டும் என்றவர்கள் 3 பேர். குறையை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், யோசித்துத்தான் முடிவெடுத்தார்கள், அது போதும், முறையான விசாரணை தேவையில்லை என்றது நீதிமன்றம்.

1985-ல் யூயிங் வழக்கு. மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், 345 எடுத்தால் பாஸ் என்ற தேர்வில் 235 எடுத்தார். மற்றவர்களுக்கு மறுதேர்வு கொடுத்தீர்களே, எனக்கும் கொடுங்கள் என்றார். பேராசிரியர்களின் கல்வி சார்ந்த முடிவில் எளிதில் தலையிட மாட்டோம் என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

ஆக, அரசுப் பல்கலைக்கழகத்தில் கலாட்டா செய்து மாட்டியவரைக் கூப்பிட்டு விசாரித்தே ஆக வேண்டும். அப்பா இறந்து, மனம் உடைந்து, மார்க் குறைந்தவரைக் கூப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேடிக்கையான சட்டம்தான்!

வெளிநாட்டு மாணவருக்குப் பிரச்சினை இன்னும் பெரிது. நீக்கப்பட்டால் எஃப்-1 விசா தகுதியும் ஆட்டம் காணும். படிப்பை முடித்தவர்களுக்குத் தரும் அவகாசம் இவர்களுக்கு இல்லை. ஊரிலோ வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கல்விக் கடன் வட்டியோடு காத்திருக்கும்.

இவ்வளவும் அந்த ஒரு கடிதத்தில் தொங்கும்போது, பலர் அதைப் பள்ளிக்கூட லீவ் லெட்டர் மாதிரி எழுதுகிறார்கள். "தாழ்மையுடன் வேண்டுகிறேன், இனிமேல் நன்றாகப் படிப்பேன்." இது யாருக்கு உதவும்? காமர்ஸ் படிப்பவர்களுக்குத் தெரியும், வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார். அமெரிக்க அரசின் கல்வி உதவித்தொகை நின்றுபோனவர்கள் மேல்முறையீடு செய்தால், விதி இரண்டே விஷயங்களைக் கேட்கிறது: ஏன் தவறினாய்? இப்போது என்ன மாறியிருக்கிறது? நீக்கத்துக்கு எழுதும் கடிதத்துக்கும் இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. முதல் கேள்விக்கு மருத்துவச் சான்று போன்ற ஆதாரம் வேண்டும். இரண்டாவதற்குக் கணக்கு வேண்டும்.

என்ன கணக்கு? ஒருவர் 45 கிரெடிட் முடித்து 1.6 வைத்திருக்கிறார் என்றால் கையில் 72 புள்ளி. அடுத்த 15 கிரெடிட்டில் 3.0 எடுத்தால் 45 சேர்ந்து 117. அதை 60-ஆல் வகுத்தால் 1.95. நன்றாகப் படித்தும் மீண்டும் 2.0-க்குக் கீழேதான்! 3.2 எடுத்தால்தான் தப்பிக்கலாம். எனவே "ஒரு செமஸ்டரில் சரிசெய்கிறேன்" என்பதைவிட, "இரண்டு செமஸ்டர் வேண்டும், இந்தப் பாடங்களைத்தான் எடுப்பேன்" என்று எழுதுபவரையே நம்பலாம்.

பல்கலைக்கழகத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. தகுதியில்லாதவரை டாக்டராக்கினால் அவதிப்படுவது நோயாளிதான். ஆனால் ஒருவர் பேச்சைக் கேட்பதால் யார் மார்க்கும் கூடிவிடாது. நீக்க முடிவெடுத்தவர் அல்லாத வேறொருவர் மனுவைப் படிக்கட்டும். மாணவரைப் பத்து நிமிடம் நேரில் பேச விடட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை.

பேராசிரியரின் தீர்ப்பை மதித்து நீதிமன்றங்கள் ஒதுங்கி நிற்கின்றன. அந்த மரியாதைக்குப் பல்கலைக்கழகம் தரவேண்டிய விலை, அந்தப் பத்து நிமிடம்தான். அச்சடித்த இரண்டு வரி பதிலை அனுப்பிவிட்டு, "பரிசீலித்தோம்" என்று சொல்வது கல்வி சார்ந்த முடிவே அல்ல. வெறும் குமாஸ்தா வேலை.